உறவு - இருந்தால்

டல்லாஸில் இருக்கும் சித்தி பையன் 2025 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினான். குழந்தைகள் ஸ்கூல், சித்தியின் சுகர், அங்கே வீட்டு விலை எல்லாம் பேசி முடித்துவிட்டு, "அண்ணா, எங்க டீம்ல ஒருத்தன் இருக்கான். அவனும் இன்னொரு ஆணும் கல்யாணம் பண்ணிக்கிட்டவங்க. அந்தக் கல்யாணத்தை சுப்ரீம் கோர்ட் ஒருநாள் செல்லாதுன்னு சொல்லிடுமோன்னு ஒரே டென்ஷன்ல இருக்கான். நம்ம ஊர்ல இந்தப் பிரச்சினையே கிடையாதுல்ல?" என்றான்.

"கிடையாதா? அந்த கேஸே எங்க ஹைதராபாத்துல இருந்துதான்டா போச்சு" என்றேன்.

அவனுக்குத் தெரியவில்லை. போனில் அவனிடம் சொன்னதையும், சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன். நான் பி.காம். படித்த பாங்க் ஆபீஸர், வக்கீல் இல்லை. கொஞ்சம் நீளமாகப் போகும், டீயோடு உட்காருங்கள்.

அமெரிக்கக் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். 2015 ஜூன் 26 அன்று ஓபர்கெஃபெல் வழக்கில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், ஐம்பது மாநிலங்களிலும் தன்பாலினத் திருமணம் செல்லும் என்றது. தீர்ப்பில் பெரிய பெரிய வார்த்தைகள் இருக்கின்றன. ஆனால் வழக்கு ஆரம்பித்தது ஒரு சாதாரண காகிதத்தில். ஓஹியோக்காரரான ஜிம் ஓபர்கெஃபெல்லின் துணைவர் ஜான் ஆர்தர், குணமாகாத நரம்பு நோயில் படுத்த படுக்கை. அவர்கள் மாநிலத்தில் கல்யாணம் பண்ண முடியாது. அதனால் 2013 ஜூலையில் மருத்துவ விமானம் ஒன்றை வாடகைக்குப் பிடித்து மேரிலாந்து போய், விமான நிலையத்தில் நின்ற அந்த விமானத்துக்குள்ளேயே கல்யாணம் செய்துகொண்டார்கள். ஆர்தர் இறந்தால் மரணச் சான்றிதழில் 'வாழ்க்கைத் துணை' என்ற இடத்தில் தன் பெயர் வர வேண்டும். ஓபர்கெஃபெல் கேட்டது அவ்வளவுதான். அதே ஆண்டு தீர்ப்பான எடித் வின்ட்சர் வழக்கு இன்னும் எங்கள் லைன். மனைவி இறந்தபோது, 'நீங்கள் மனைவியே இல்லை, மூன்றாம் மனுஷி' என்று மத்திய அரசு அவரிடம் போட்ட வாரிசு வரி 3,63,053 டாலர்.

2022 ஜூன் 24 அன்று அதே நீதிமன்றம், 49 வருடமாக இருந்த கருக்கலைப்பு உரிமையைத் தூக்கிவிட்டது. நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் தனியாக எழுதிய குறிப்பில், ஓபர்கெஃபெல் தீர்ப்பையும் மறுபடி பார்க்க வேண்டும் என்றார். சித்தி பையனின் நண்பனுக்குத் தூக்கம் போனது அங்கேதான். அந்த டிசம்பர் 13-ல் ஒரு சட்டம் வந்தது. நாளைக்குத் தீர்ப்பே போனாலும், ஏற்கனவே செய்த கல்யாணத்தை மத்திய அரசும் மற்ற மாநிலங்களும் மதிக்க வேண்டும். ஆனால் புதிதாக லைசென்ஸ் கொடு என்று எந்த மாநிலத்தையும் அந்தச் சட்டம் கட்டாயப்படுத்தாது. பிறகு 2025 நவம்பர் 10-ல், கென்டக்கியில் லைசென்ஸ் கொடுக்க மறுத்த முன்னாள் கிளர்க் கிம் டேவிஸின் மனுவைக் காரணம் எதுவும் சொல்லாமல் தள்ளுபடி செய்தார்கள். ஒரு மனுவைக் கேட்க மாட்டோம் என்பது வேறு, எப்போதும் கேட்க மாட்டோம் என்பது வேறு. "உன் ஃப்ரெண்டை இன்னிக்குத் தூங்கச் சொல்லு. ஆனா ஃபிக்சட் டெபாசிட் மாதிரி காரண்டி எல்லாம் என்னால தர முடியாது" என்றேன்.

இனி எங்கள் ஊர்.

சுப்ரியோ சக்கரவர்த்தி, அபய் டாங். ஹைதராபாத்தில் வாழும் ஜோடி. 2021 டிசம்பரில் ஊருக்கு வெளியே ஒரு ரிசார்ட்டில் வங்காள முறையும் பஞ்சாபி முறையும் கலந்து, உறவுகளும் நண்பர்களும் சூழ விழா நடந்தது. பேப்பர்களில் போட்டோவோடு வந்ததால் எங்கள் ஆபீஸ் கேன்டீன் வரைக்கும் பேச்சு. சிரித்தவர்கள் பாதி, சும்மா இருந்தவர்கள் பாதி. நான் சும்மா இருந்த கட்சி. விழா நடந்ததே தவிர சட்டத்தின் கண்ணில் அது ஒன்றுமில்லை. 2022 நவம்பரில் இருவரும் உச்ச நீதிமன்றம் போனார்கள். நாடு முழுக்க இருந்து வந்த மனுக்கள் இதோடு சேர, வழக்கின் பெயரே சுப்ரியோ எதிர் இந்திய ஒன்றியம் என்று ஆகிவிட்டது. 2023 ஏப்ரல் 18 முதல் மே 11 வரை ஐந்து நீதிபதிகள் பத்து நாள் கேட்டார்கள். அதில் ஒருவரான ஹிமா கோலி, தெலங்கானா உயர் நீதிமன்றத்தின் முதல் பெண் தலைமை நீதிபதியாக 2021-ல் இங்கே இருந்தவர்.

அந்த வெயில் காலத்தில் டிவியில் வாதம் ஓடும்போதெல்லாம் நான் சேனலை மாற்றிவிடுவேன். ஏன் என்று சொல்ல வேண்டும்.

2017-ல் நான் செகந்திராபாத் பக்கம் ஒரு கிளையில் இருந்தேன். இரண்டு பெண்கள் வந்தார்கள், இருவருக்கும் முப்பதுக்குள்தான் வயது. ஒருவர் விஜயவாடா பக்கம், இன்னொருவர் நம்ம கோயம்புத்தூர். நான் தமிழ் என்று தெரிந்ததும் கோயம்புத்தூர்ப் பெண்ணுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அண்ணா, ஜாயின்ட் அக்கவுன்ட் ஒண்ணு வேணுங்க. ரெண்டு பேரும் சேர்ந்து ஃப்ளாட்டுக்குப் பணம் சேர்க்கறோமுங்க."

'இருவரில் ஒருவர் அல்லது எஞ்சியிருப்பவர்' என்ற வகையில் கணக்கு வேண்டும் என்றார்கள். கணவன் மனைவி எல்லோரும் கேட்பது. எனக்குப் புரியாமல் இல்லை. அப்போது இந்திய தண்டனைச் சட்டம் 377 உயிரோடு இருந்தது. 2009-ல் டெல்லி உயர் நீதிமன்றம் நீக்கி, 2013-ல் உச்ச நீதிமன்றம் திருப்பிக் கொண்டுவந்து வைத்திருந்த நேரம். ஆனால் அதற்கும் ஜாயின்ட் அக்கவுன்ட்டுக்கும் சம்பந்தமே கிடையாது. உறவு இல்லாத இருவர் சேர்ந்து கணக்கு தொடங்கக் கூடாது என்று எங்கேயும் விதி இல்லை. எனக்குத் தெரியும். தெரிந்தும், "உறவு இல்லாதவங்க சேர்ந்து ஆரம்பிச்சா ஆடிட்ல கேள்வி வரும்மா. ஒருத்தர் பேர்லயே போடுங்க. நாமினியா அப்பா பேரைப் போட்டுடுங்க, பின்னால பிரச்சினை இருக்காது" என்றேன். விஜயவாடாப் பெண் பெயரில் கணக்கு, நாமினி அவர் அப்பா. இருவரும் எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலை. விஜயவாடாப் பெண் போய்விட்டார். அப்பா வந்தார், பாவம், நொறுங்கிப் போயிருந்தார். டெபாசிட் ஒன்பது லட்சத்துச் சொச்சம். காகிதமெல்லாம் சரி, ஒரு வாரத்தில் கொடுத்துவிட்டோம். அதற்குப் பிறகு கோயம்புத்தூர்ப் பெண் வந்தார், மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும் தெரிய.

"அண்ணா, அதுல பாதி என்னோட பணமுங்க. ஸ்டேட்மென்ட்டைப் பாருங்க, மாசா மாசம் அஞ்சாம் தேதி போட்டிருக்கேன்."

இருந்தது. ஒரு மாதம்கூடத் தவறவில்லை. "சட்டப்படி எங்களால ஒண்ணும் பண்ண முடியாதும்மா" என்றேன். அவர் சத்தம் போடவில்லை. "அன்னைக்கு நீங்கதானுங்க அவங்கப்பா பேரைப் போடச் சொன்னீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இதைத்தான் சித்தி பையனிடம் சொல்லாமல் விட்டேன்.

என்னை இன்னும் குத்துவது, இந்த மாதிரி ஒரு காகிதத்தால் அடிபட்ட குடும்பத்திலிருந்து வந்தவன் நான் என்பது. எங்கள் அம்மாச்சி கதை அது. கரூர்ப் பக்கம், 1949-ல் சுயமரியாதைக் கல்யாணம். ஐயர் இல்லை, அக்னி இல்லை, மேடையில் ஒரு தலைவர், மைக், மாலை மாற்றல், வந்தவர்களுக்கு வடை காபி. தாத்தா தேங்காய் மண்டி வைத்திருந்தவர், கட்சிக்காரர்.

தந்தை பெரியார் 1928-லேயே இந்த மாதிரித் திருமணங்களை நடத்த ஆரம்பித்துவிட்டார். ஊரறிய, உறவறிய ஆயிரக்கணக்கில் நடந்தன. ஆனால் சட்டம்? இந்துத் திருமணம் என்றால் வழக்கமான சடங்கு வேண்டும். 1953-ல் தெய்வானை ஆச்சி எதிர் சிதம்பரம் செட்டியார் என்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது, சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லாது என்று. யோசித்துப் பாருங்கள். கால் நூற்றாண்டாக மாலை மாற்றிக் குடும்பம் நடத்தி, பிள்ளை பெற்று, பேரன்கூடப் பார்த்துவிட்டவர்கள் ஒரே நாளில் கல்யாணம் ஆகாதவர்கள் ஆகிவிட்டார்கள். 1955-ல் வந்த இந்துத் திருமணச் சட்டமும் சடங்கு வேண்டும் என்றுதான் சொன்னது. எங்கள் அம்மா பிறந்தது அந்த வருடம்.

சடங்கு வேண்டாம் என்றால் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். அதுவும் ஒரு சுவாரசியமான பிராணி. வங்காளத்து பிரம்ம சமாஜக்காரர்கள் செய்த கல்யாணங்கள் செல்லுமா என்று சந்தேகம் வந்தபோது கேசவ சந்திர சென் முயற்சியில் 1872-ல் பிறந்தது அது. ஆனால் 'நான் இந்து இல்லை, முஸ்லிம் இல்லை...' என்று எழுதிக் கொடுத்தால்தான் கல்யாணம்! இந்துக்கள் தங்களுக்குள் செய்யும் கல்யாணத்துக்கு 1923 திருத்தத்தில் அந்த நிபந்தனை தளர்ந்தது, அது யாருக்குமே இல்லாத சட்டம் வர 1954 ஆகிவிட்டது. 1949-ல் எங்கள் தாத்தா அந்த வழியில் போகவில்லை. சுப்ரியோவும் அபயும் உள்ளே விடச் சொல்லித் தட்டியதும் இந்த 1954 சட்டத்தின் கதவைத்தான்.

தாத்தா 1964-ல் மாரடைப்பில் போனார். பதினாறாம் நாள் காரியம்கூட இல்லாத வீடு என்று ஊர் பேசியதாம். முப்பது நாளுக்குள் வக்கீல் நோட்டீஸ் வந்தது. அனுப்பியவர் தாத்தாவின் சொந்த அண்ணன். 1953 தீர்ப்பைச் சொல்லி, 'மேற்படி பெண்மணி' சட்டப்படியான மனைவி அல்ல, குழந்தைகள் வாரிசு அல்ல, மண்டியும் தோப்பும் அண்ணனுக்கே என்று இருந்தது. கல்யாணத்தன்று பந்தியில் நின்று இலை போட்ட அதே அண்ணன். அம்மாச்சி அந்த நோட்டீஸைக் கடைசிவரை டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். 'மேற்படி பெண்மணி' என்ற இடத்தில் விரல் வைத்து, "படிடா" என்பார் என்னிடம். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியும். ஆனாலும் நான்தான் படிக்க வேண்டும்.

1967-ல் அண்ணா முதல்வரானார். அந்த வருடமே சட்டசபையில் திருத்தம் கொண்டுவந்து, 1968 ஜனவரியில் குடியரசுத் தலைவர் ஒப்புதலும் வாங்கியாகிவிட்டது. இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்று ஒரு பிரிவு. உறவினர், நண்பர் அல்லது வேறு யாராவது முன்னிலையில், தங்களுக்குப் புரிகிற மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லலாம், அல்லது மாலையோ மோதிரமோ மாற்றலாம், அல்லது தாலி கட்டலாம், கல்யாணம் முடிந்தது. இதைவிடப் பெரிய விஷயம், அது பின்னோக்கியும் செல்லும் என்றது. அன்றுவரை நடந்த சுயமரியாதைக் கல்யாணங்கள் எல்லாமே செல்லும். 1949-ம் சேர்த்து. அண்ணன்காரர் வழக்கை ராஜி பண்ணிக்கொண்டார். மண்டி போனது, தோப்பு நின்றது. அந்தத் தோப்பு வருமானத்தில்தான் எங்கள் அம்மா டீச்சர் டிரெயினிங் படித்தார்.

(அதே 1967-ல்தான் அமெரிக்காவில் லவிங் வழக்கு. வெள்ளையரும் கறுப்பரும் கல்யாணம் பண்ணக் கூடாது என்ற மாநிலச் சட்டங்கள் அன்றோடு செத்தன. அங்கே கோர்ட் செய்ததை இங்கே சட்டசபை செய்தது.)

இந்த வித்தியாசம்தான் 2023 அக்டோபர் 17 தீர்ப்பின் அடிநாதம். ஐந்து நீதிபதிகளுமே அரசியல் சட்டத்தில் கல்யாணம் செய்யும் அடிப்படை உரிமை என்று ஒன்று இல்லை என்றார்கள். சிறப்புத் திருமணச் சட்டத்தில் 'ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18' என்று இருப்பதை நாங்கள் மாற்றி வாசிக்க முடியாது, அது வாரிசுரிமை முதல் பல சட்டங்களை இழுக்கும், நாடாளுமன்றம் பார்க்கட்டும் என்றார்கள். தலைமை நீதிபதி சந்திரசூட்டும் நீதிபதி கவுலும், கல்யாணம் என்று சொல்லாவிட்டாலும் சேர்ந்து வாழும் உறவையாவது அரசு அங்கீகரிக்க வேண்டும் என்றார்கள். ரவீந்திர பட், ஹிமா கோலி, நரசிம்மா மூவரும் அதுவும் சட்டம் இயற்றுபவர் வேலை என்றார்கள். மூன்றுக்கு இரண்டு. திருநங்கை ஓர் ஆணை மணப்பது போன்ற கல்யாணங்கள் இருக்கிற சட்டத்திலேயே செல்லும் என்பதில் மட்டும் ஐவரும் ஒன்று. அதை நம்ம மதுரைக் கிளை 2019 ஏப்ரலிலேயே சொல்லிவிட்டது, தூத்துக்குடி ஜோடி ஒன்றின் வழக்கில். 2025 ஜனவரி 9-ல் சீராய்வு மனுக்களும் தள்ளுபடி.

எனக்கு ஆச்சரியம் தருவது, பெரும்பான்மைத் தீர்ப்பு எழுதிய அதே நீதிபதி பட், அதற்கு ஏழு வாரம் முன்னால், 2023 ஆகஸ்ட் 28-ல் எழுதிய இன்னொரு தீர்ப்பு. இளவரசன் என்பவர் வழக்கு. சுயமரியாதைக் கல்யாணத்துக்கு ஊரைக் கூட்ட வேண்டிய கட்டாயம் இல்லை, வக்கீல் அறையில் நண்பர்கள் முன்னிலையில் செய்தாலும் செல்லும் என்றது அது. எங்கள் அம்மாச்சி இருந்திருந்தால் நாலு பேருக்கு வடை வாங்கிக் கொடுத்திருப்பார். முரண் ஒன்றும் இல்லை. 7-ஏ என்று சட்டத்தில் எழுதியிருந்தது, அதனால் அவரால் தாராளமாக வாசிக்க முடிந்தது. மற்றதில் எழுதியிருக்கவில்லை. அண்ணா போட்ட அந்த ஒரு பிரிவு எவ்வளவு கனம் என்று எனக்கு அன்றுதான் உறைத்தது.

தீர்ப்பின்போது அரசு கொடுத்த வாக்குப்படி, கேபினட் செயலர் தலைமையில் 2024 ஏப்ரலில் ஒரு கமிட்டி போட்டார்கள். அதன் பின்னால் சில சுற்றறிக்கைகள் வந்தன. ரேஷன் கார்டில் ஒரே குடும்பமாகக் காட்டலாம். உறவினர் யாரும் இல்லாதபோது துணைவரே ஆஸ்பத்திரியில் உடலைப் பெறலாம். பிறகு எங்களுக்கு வந்தது. 2024 ஆகஸ்ட் 21-ல் ரிசர்வ் வங்கி விளக்கம், 28-ல் நிதி அமைச்சகத்தின் அறிவிப்பு. இப்படிப்பட்ட உறவில் இருப்பவர்கள் ஜாயின்ட் அக்கவுன்ட் தொடங்கவோ, துணைவரை நாமினி ஆக்கவோ எந்தத் தடையும் இல்லை.

'தடை நீக்கப்படுகிறது' என்று இல்லை. 'தடை இல்லை'. கேபினில் அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. தடை 2017-லும் இல்லை. தடையாக உட்கார்ந்திருந்தது நான்.

ஆனாலும் வெளிநாட்டிலிருந்து படிப்பவர்கள் இதை வைத்து ரொம்ப மகிழ்ந்துவிட வேண்டாம். நாமினி என்பவர் பணத்தைக் கையில் வாங்குகிறவர் மட்டும்தான். வாரிசு அல்ல. டெபாசிட் விஷயத்தில் 2010-ல் உச்ச நீதிமன்றமே இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நாமினியிடம் போன பணத்தை வாரிசுகள் வழக்குப் போட்டுக் கேட்கலாம். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் துணைவர் என்று ஒரு வரி கிடையாது. உயில் எழுதினால் உண்டு, எழுதியதை எதிர்க்காத குடும்பம் வாய்த்தால் இன்னும் நல்லது. கணவன் மனைவிக்குக் கொடுக்கும் அன்பளிப்புக்கு வருமான வரி இல்லை, இவர்களுக்கு 50,000 ரூபாய் தாண்டினால் உண்டு. 2025-ல் மும்பை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு ஜோடி இதற்காகவே போனது. தவிர, சுற்றறிக்கையை இன்னொரு சுற்றறிக்கை விழுங்கிவிடும். இருபது வருட சர்வீஸில் எத்தனை பார்த்திருக்கிறேன்! 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வேலூர் வழக்கில், குடும்பம் அமைக்கக் கல்யாணம் ஒன்றுதான் வழி என்பதில்லை என்று சொன்னது. நல்ல வார்த்தை. ஆனால் எங்கள் கம்ப்யூட்டரில் அதற்கு ஒரு கோட் வர, யாராவது சட்டமாக எழுத வேண்டும்.

கோயம்புத்தூர்ப் பெண்ணின் நம்பருக்கு அந்த ஆகஸ்டில் போன் பண்ணிப் பார்த்தேன். உபயோகத்தில் இல்லை என்றது.

2024 தசராவுக்கு முந்தைய வாரம் இரண்டு பையன்கள் வந்தார்கள், இருவரும் தெலுங்கு. அறிவிப்பின் பிரிண்ட் அவுட்டைக் கையில் சுருட்டி வைத்திருந்தார்கள், நான் மறுத்தால் காட்ட. காட்ட விடவில்லை. 'இருவரில் ஒருவர் அல்லது எஞ்சியிருப்பவர்' கட்டத்தில் நானே டிக் போட்டேன். தனித்தனி டெபாசிட்டுக்கு நாமினேஷன் படிவம், டிஏ-1. 1985 விதிகளில் வந்த படிவம். நாமினியின் உறவு என்ற கட்டத்தில் வந்ததும் பேனா நின்றது.

"இங்கே என்ன எழுதட்டும் சார்?"

அந்தக் கட்டத்தின் தலைப்பைத் தமிழில் சொன்னால் 'டெபாசிட்தாரருடன் உறவு, இருந்தால்'. பதினெட்டு வருடமாக அந்தப் படிவத்தை நிரப்பியும், அந்தக் கடைசி வார்த்தையை நான் அன்றுதான் கவனித்துப் படித்தேன். "காலியா விட்டாலும் செல்லும். எழுதறதும் உங்க இஷ்டம்" என்றேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருவர் 'பார்ட்னர்' என்று எழுதினார். பார்த்துவிட்டு மற்றவரும் எழுதினார். சீல் வைத்து ரசீது கொடுத்தேன்.

கிளம்பும்போது ஒருவர் திரும்பி வந்து, கம்பெனி பி.எஃப்.பிலும் இப்படி மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார்.

"அப்பா அம்மா உங்க சம்பளத்துல இருக்காங்களா?"

"ஆமா சார்."

"அப்போ முடியாது தம்பி. அங்கே குடும்பத்துல இருக்கிறவங்க பேர்தான் போடணும்" என்றேன்.